கிராஜுவிட்டி வந்த திங்கட்கிழமை

கிழக்கு வெளுப்பதற்குள் முகட்டுக் காட்டில் ஏறியாகிவிட்டது. தேயிலைச் செடி பனியில் சொட்டச் சொட்ட நின்றது. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு ஈரத்தில் கனத்து நடக்க நடக்க முழங்காலில் அடித்தது. முருகேஸ்வரி கத்திரியை விரித்தாள், மூடினாள், விரித்தாள், மூடினாள். கொழுந்து கத்திரித் தட்டில் விழுந்ததும் தோளுக்கு மேலே வீசி முதுகுச் சாக்கில் கொட்டினாள். கையால் கிள்ளிய காலத்தில் விரல் மட்டும்தான் வெடித்தது. கத்திரி வந்த பிறகு வலி தோள்பட்டை வரைக்கும் குடியேறிவிட்டது. கொழுந்து இரண்டு பங்கு கூடியது, கூலி கூடவில்லை. கேட்டால் கம்பெனி நட்டத்தில் ஓடுகிறதாம். நட்டத்தில் ஓடுகிற கம்பெனியின் மானேஜர் புது ஜீப்பில் ஓடுகிறாரே, அது எப்படி என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

முகட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் சரிந்தால் போடி. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் போனுக்கு ரேஞ்சு கிடையாது. இங்கே மட்டும் தமிழ்நாட்டு டவர் காற்றோடு வந்து எட்டிப் பார்க்கும். அதனால் முகட்டுக் காடு என்றால் பெண்களுக்குக் கொஞ்சம் குஷி. படங்குக்குள் ஒளித்து வைத்த போன் அங்கே வந்ததும் உயிர் பெற்றுக் கத்தும்.

முருகேஸ்வரியின் போன் மற்றவர்களுடையதைவிட அதிகமாகவே கத்தும். கூலியைக் கையில் கொடுக்காமல் பாங்கில் போடப்போகிறோம் என்று ஒருநாள் ஆபீசில் சொன்னார்கள். கணக்குக்குப் போன் நம்பர் வேண்டும் என்றார்கள். அதே லயத்தில் இருக்கும் குருவம்மாளிடமும் பிலோமியிடமும் அப்போது போன் ஏது? "லயத்துல யாரு நம்பரையாவது குடுங்கம்மா, நேரமாகுது" என்று ஆபீஸ் ரைட்டர் அவசரப்படுத்தி, மூன்று பேர் கணக்கிலும் முருகேஸ்வரியின் நம்பரையே எழுதிவிட்டார். அன்றிலிருந்து சம்பளம் விழுந்ததா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, மூன்று குடும்பம் நம்பி ஒப்படைத்த போன் அது.

அந்தப் போன்தான் இப்போது கத்தியது. நிற்காமல் கத்தியது.

கத்திரியைச் செடிமேல் சாய்த்துவிட்டுப் படங்குக்குள் கையை விட்டாள். முதலில் பாங்கின் ரகசிய எண் ஒன்று வந்தது. அவள் கேட்கவே இல்லை. அடுத்ததாக அவள் கணக்கிலிருந்து பணம் போனதாக மெசேஜ். அடுத்தது பிலோமியுடையது. பிறகு குருவம்மாளுடையது. ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை. அவள் கண் முன்னாலேயே யாரோ ஒருவன் கையை விட்டு அள்ளிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் டீக்கடை வாசலில் நின்றபோது ஒரு மெசேஜை அமுக்கியது ஞாபகம் வந்தது. காட்டில் வேலை வாங்கும் கங்காணி பொன்ராஜ் நம்பரிலிருந்துதான் அது வந்திருந்தது. எஸ்டேட்டுத் தொழிலாளிகளுக்குக் கிராஜுவிட்டிப் பணம் வந்துவிட்டது, இதை அமுக்கி ஆதாரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று. அமுக்கினாள். போனில் ஏதோ இறங்கியது. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று கொடுத்தாள். கிராஜுவிட்டிக்குக் காத்துக் கிடக்கும் குருவம்மாள் சின்னம்மாவிடம் பணம் கைக்கு வந்த பிறகு சொல்லி அசத்த வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு லயத்துக்கு வந்தாள். பாவி மகள், சந்தோஷப்பட்டு வந்தாள்.

"என்ன புள்ள, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் அடுத்த வரிசையில் இருந்த பிலோமி.

"அக்கா... காசு போவுதுக்கா."

"யாரு காசு?"

"நம்ம மூணு பேரு காசும்."

குருவம்மாள் இதைக் கேட்டாள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தாகிவிட்டது அவளுக்கு. கிராஜுவிட்டி மட்டும் கொடுக்கவில்லை. அதைக் கொடுக்காமல் லயத்தைக் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்து, தினக்கூலிக்குக் கத்திரி பிடித்துக்கொண்டிருந்தாள். பி.எஃப். பணம் பாங்கில் கிடந்தது. போடியில் ஒத்திக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். சமையலறை தனியாக இருக்கிற வீடு. ஆயுசுக்கும் ஒற்றை அறை லயத்தில் புகையைத் தின்றவளுக்கு அந்தச் சமையலறைமேல் அப்படி ஒரு ஆசை.

"என் பி.எஃபும் போச்சா?"

முருகேஸ்வரி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அடிப்பாவி! நீ நல்லாருப்பியா! எந்த நம்பிக்கையில உன் நம்பரக் குடுத்தேன்? என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" குருவம்மாள் சாக்கை உதறி எறிந்துவிட்டு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். அவள் அழுததைவிட, வைததை நிறுத்தி மூச்சுக்குத் திணறியதைத்தான் முருகேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

பொன்ராஜ் மேலே இருந்து இறங்கி வந்தான். "என்ன கூட்டம்? கத்திரிய எடு. வேலை நேரத்துல போன எடுத்தா மானேஜர் என்னையத்தான் கேப்பாரு."

பிலோமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருக்காவது போன் போட்டா ஒரு பொம்பள பேசுவாளே, காசு ஏமாந்தா உடனே இந்த நம்பரக் கூப்பிடுங்கன்னு. தெனம் கேட்டு எரிச்சலா வருமே, என்ன நம்பரு அது?"

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பது," என்றாள் முருகேஸ்வரி. எரிச்சல்பட்டுக் கேட்டது எப்படியோ மனதில் தங்கியிருந்தது.

"போடு. உன் போன்ல வேணாம், இந்தா என் பட்டன் போன்."

"காட்டுல போன் பேசக் கூடாதுங்கிறேன்ல!" பொன்ராஜ் கையை நீட்டினான்.

"தொட்டுப் பாரும்," என்றாள் பிலோமி. கத்திரி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவன் தொடவில்லை.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். எந்த ஸ்டேட் என்று கேட்டார்கள். "நிக்கிறது தமிழ்நாட்டு டவர்ல சார், குடியிருக்கிறது கேரளாவுல," என்றாள் முருகேஸ்வரி. மெசேஜில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்கள். முதலில் உங்கள் போனில் நெட்டை நிறுத்துங்கள், வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், பாங்கில் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள், நேரத்தைக் கடத்தாதீர்கள் என்றார்கள். அழாதீங்கம்மா என்றும் ஒரு வார்த்தை சொன்னது அந்தக் குரல். அதற்குத்தான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போனை வைத்துவிட்டுப் பொன்ராஜைப் பார்த்தாள். "அண்ணே, அந்த மெசேஜ் உங்க நம்பர்லருந்துதான வந்துச்சு?"

"நான் அனுப்பல."

"அப்ப யாரு அனுப்புனா?"

பொன்ராஜின் அதட்டலெல்லாம் எங்கோ போய்விட்டது. "எனக்கும் வந்துச்சு. நானும் அமுக்குனேன். என்னதும் போச்சு. அதுவா எல்லாருக்கும் என் பேருல போயிருக்கு போல."

"எப்ப?"

"போன வாரம்."

"போன வாரமா!" பிலோமி கத்தினாள். "போன வாரமே தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?"

"கங்காணியே ஏமாந்துட்டான்னு காடே சிரிக்கும்ல."

"நாங்க சிரிச்சிருந்தா எங்க காசு தப்பிச்சிருக்கும்ணே," என்றாள் முருகேஸ்வரி. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பிலோமியும் குருவம்மாளும் பக்கத்தில் இல்லாதிருந்தால் தானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்போமோ என்று நினைத்தாள்.

சாக்குகளைக் காட்டிலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். மூன்று பேராகத்தான் புறப்பட்டார்கள். விஷயம் செடிக்குச் செடி தாவி, ஆபீஸ் வாசலுக்கு வரும்போது காட்டில் ஒருத்தியும் மிச்சமில்லை. வழியெல்லாம் குருவம்மாள் முருகேஸ்வரியை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே வந்தாள்.

மானேஜர் பூபதிராஜா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கெட்ட வார்த்தை பேச மாட்டார். 'ங்க' போட்டே கழுத்தை அறுப்பார்.

"ஏனுங்கம்மா, காட்டுல கொழுந்து முத்துது, நீங்க இங்க வந்து நின்னா எப்படிங்க?"

"பாங்குக்கும் ஸ்டேசனுக்கும் போகணும் சார், இப்பவே," என்றாள் முருகேஸ்வரி. "ஜீப்பு வேணும். இன்னிக்குக் கூலியப் பிடிக்கக் கூடாது."

"கண்டதை அமுக்கிப்போட்டுக் கம்பெனிகிட்ட ஜீப்பு கேக்கறீங்களாக்கும். காட்டுல போன் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்குதுல்லங்க? ஆரு அமுக்குனது, அவங்க மட்டும் நில்லுங்க, நாலு நாள் வேலை கெடையாது. மத்தவங்க இப்பவே காட்டுக்குப் போனா முழுக் கூலி போட்டுத் தர்றேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முழுக் கூலி என்பது சின்ன வார்த்தை இல்லை. முருகேஸ்வரி முன்னால் வந்தாள். அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டுக் குருவம்மாள் முன்னால் போனாள்.

"அமுக்குனவ இவதான் சார். இல்லைங்கல. இவள இன்னும் வைவேன், அது எனக்கும் இவளுக்கும் உள்ள வழக்கு. ஏன் அமுக்குனான்னு நீங்க கேட்டீங்களா?"

"அது எதுக்குங்க எனக்கு?"

"உங்களுக்குத்தான் சார். ரிட்டையர் ஆன நாள்லருந்து கிராஜுவிட்டி, கிராஜுவிட்டின்னு இந்த வாசல்ல வந்து நிக்கேன். வந்துருச்சு, வாங்கிக்கன்னு ஒரு நா உங்க வாயில வந்துச்சா? திருடன் சொன்னான் சார்! வந்துருச்சுன்னு மொதமொதல்ல எங்ககிட்டச் சொன்னவன் அவன்தான். நம்பிட்டா. நானா இருந்தாலும் நம்பியிருப்பேன்."

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க குருவம்மா, ரிட்டையர் ஆன ஆளு நீங்க. லயத்தைக் காலி பண்ணச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியாச்சு. நல்லபடியா இருக்கறப்பவே போயிருங்க."

"சார்." பொன்ராஜின் குரல். "என் காசும் போச்சு சார். மூணு பேருக்கு ஒரே நம்பரப் போட்டது நம்ம ஆபீசுதான். அதுவும் பாங்குல சொல்லணும். நானும் போறேன்."

"பொன்ராஜ், நீங்க கம்பெனி ஆளுங்க."

"கம்பெனி ஆளு காசையும் எடுத்துட்டான் சார்."

முழுக் கூலிக்காக ஒருத்தியும் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஜீப்பும் கிடைக்கவில்லை. ஏலக்காட்டுக்கு ஆள் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய போடி ஜீப் ஒன்றை நிறுத்தினார்கள். ஏறினவர்கள் போக, தொங்கினவர்களும் போக, மிச்சப் பேர் நடந்தார்கள்.

பஜார் பாங்கில் கணக்குகளை முடக்கினார்கள். குருவம்மாள் பணத்தில் கடைசியாகப் போனதை எங்கோ வடக்கே ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மற்றதெல்லாம் கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. மிஞ்சியதை வைத்துச் சமையலறை உள்ள வீடு ஒத்திக்குக் கிடைக்காது. அதைக் கேட்ட பிறகு குருவம்மாள் வைவதை நிறுத்திவிட்டாள். வைதால் தேவலை என்று இருந்தது முருகேஸ்வரிக்கு.

ஸ்டேஷனில் அவளேதான் எழுதினாள். 'நான் அமுக்கினேன்' என்று எழுதும்போது பேனா நின்றது. "போன வாரமே தெரிஞ்சும் பொன்ராஜ் சொல்லலைன்னு அதுக்குக் கீழ எழுது," என்றான் பொன்ராஜ். எழுதினாள். பிலோமி ஒரு கையெழுத்து, குருவம்மாள் ஒரு கைநாட்டு.

மலையாளத்துப் பெண் போலீஸ் அதை வாங்கிப் பார்த்தாள். "எடுத்த ஆள் யாரு, எந்த ஊரு, ஏதாவது அறியுமோ?"

"ஒண்ணும் தெரியாது மேடம்."

"சரி. விளிக்கும்போ வரணும். போனை அப்படியே வைக்கணும், ஒண்ணும் அழிக்கக் கூடாது."

வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். குருவம்மாள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. "இன்னொரு பராதியும் எழுதிக் குடுக்கணும் மேடம்."

"அதும் போன்ல போனதா?"

"இல்ல. இது நேர்லயே எடுத்தது. என் கிராஜுவிட்டி. எனக்கு முன்னால ரிட்டையர் ஆனவங்களுதும் இருக்கு."

"இதில் ஆளை அறியுமோ?"

"ஏன் தெரியாது? பேரு தெரியும், ஆபீசு தெரியும், அவரு ஜீப்பு நம்பர்கூடத் தெரியும்."

போலீஸ்காரியின் உதட்டில் சிரிப்பு வந்து அடங்கியது. பேனாவை மூடி வைத்தாள். "அது இங்கே எடுக்க முடியாதும்மா. லேபர் ஆபீசில் கொடுக்கணும். வேகம் ஒண்ணும் நடக்காது, அலையணும்."

"எந்த பஸ்சு போகும் மேடம்?" என்று கேட்டாள் முருகேஸ்வரி. குருவம்மாள் அவள் தோளைப் பிடித்து ஊன்றி எழுந்தாள். வாசலில் ஈரப் படங்கோடு நின்றிருந்தவர்களும், லேபர் ஆபீசுக்கு எந்த பஸ் என்று கேட்க உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.