நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரி

லேப்டாப்பில் திறந்திருந்த பஞ்சாங்கப் பக்கத்தின் வலது ஓரத்தில் நரைத்த தலையோடு ஒரு ஆளும் பட்டுச்சேலையில் ஒரு அம்மாளும் தோளோடு தோள் உரசி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'ஐம்பதுக்கு மேல் ஒரு துணை. இன்னுமா யோசிக்கிறீர்கள்?' என்று கீழே ஒரு கேள்வி. இடது பக்கத்தில் ஆடி மாதத்துத் திதிகள் வரிசையாக இருந்தன. ரஞ்சித் தன் அப்பா அழகிரிக்குத் திதி கொடுக்க வேண்டிய நாள் எதில் விழுகிறது, ஆபீஸில் லீவு சொல்ல வேண்டுமா என்று அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காபி டம்ளரோடு அவன் பின்னால் வந்த அம்மா கலைமதி அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு அந்த நரைத்த ஆளைத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால், மகனும் மருமகளும் கடைவீதிக்குப் போயிருந்தபோது, இதே லேப்டாப்பில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்த மறுமண வெப்சைட்டின் முகப்பில் நின்றவர்தான் அவர்.

ரஞ்சித் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். காபியை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து பால்கனிக்குப் போய், கீழே அம்மா மண்டபம் ரோட்டில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானம் சாப்பிடும்போது சாம்பாரைப் பிசைந்துகொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா போயி முழுசா நாலு வருஷம் ஆகலை. அதுக்குள்ள இந்த வீட்ல யாரு என்னென்ன பாக்குறாங்கன்னே தெரியல."

மருமகள் தேவதர்ஷினி அப்பளத்தை எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டாள். கலைமதிக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. இது யார் வீடு? அழகிரியின் மின்வாரிய வேலையில் வந்த பணத்திலும் அவள் கழுத்துச் சங்கிலியிலும் வாங்கிய ஃபிளாட். அந்த லேப்டாப் யாருடையது? அழகிரி ஆசை ஆசையாக வாங்கியது. அவருடைய மெயில் இன்றைக்கும் அதில் திறந்தபடியே கிடக்கிறது. அவள் என்ன, கல்யாணப் பத்திரிகையா அடித்துவிட்டாள்? பார்த்தாள், அவ்வளவுதான். தன் வயசில் தன்னைப் போல் யாராவது இருக்கிறார்களா, சாயங்காலத்தில் அவர்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தாள். உப்பிலியபுரம் பக்கம் வாழை போட்டிருக்கிற ஒருவரின் படத்தை மட்டும் இரண்டாவது தடவை பார்த்தாள். அது உண்மைதான். அதற்கு என்ன இப்போது?

ஆனால் அவளுடைய கோபம் மகனோடு நிற்கவில்லை. பார்த்து முடித்ததும் ஹிஸ்டரியை அழித்திருந்தாள். சமையல் முடிந்து அடுப்பு மேடையைத் துடைக்கிற பழக்கம் அவளுக்கு. ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள். அப்படித் துடைத்த பிறகும் அந்த ஆள் எப்படி வந்து நின்றான்? அதுவும் செத்துப்போன புருஷனின் திதிக்குப் பக்கத்தில் வந்து நின்று பல்லைக் காட்ட அவனுக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்? அன்றைக்கு அந்த வெப்சைட் திறந்ததுமே கீழே ஒரு பட்டை வந்தது ஞாபகம் இருக்கிறது. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று நீலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன். வேண்டாம் என்று சொல்கிற வழி சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில், எங்கேயோ மூலையில். கண்ணாடி போட்டும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்ட மாதிரியும் இருக்க வேண்டும், மறுக்க வழியும் இருக்கக் கூடாது. நல்ல நியாயம்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, தில்லை நகரில் அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவளுக்குக் கண்ணாடிப் பிரிவில் வேலை. ரிசப்ஷனில் இருக்கும் ஆன்சிக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரியும் என்பதால் டீ குடிக்கும்போது கேட்டாள். முழுசையும் சொல்லவில்லை.

"ஒரு தடவ சேலை பாத்தேன் ஆன்சி. ஹிஸ்டரியெல்லாம் அழிச்சிட்டேன். அப்பவும் எங்க போனாலும் அந்தச் சேலையே வந்து நிக்குது."

"குக்கீ இருக்கும்க்கா."

"பேரு மட்டும் நல்லாத்தான் வச்சிருக்கானுங்க."

ஆன்சி சிரித்தாள். "நாளைக்கு ஆபரேஷன்னா இந்தக் கண்ணுதான்னு நெத்தியில பிளாஸ்திரி ஒட்டுறோம்ல. அதோட அந்தப் பேஷண்டு வெளிய டீக்கடைக்குப் போறாங்க. டீக்கடைக்காரரு, 'என்னம்மா, வலது கண்ணா'ன்னு கேக்குறாரு. நம்ம ஃபைல அவரு பாத்தாரா? இல்லயே. நீங்க ஹிஸ்டரிய அழிச்சது இங்க ஃபைலக் கிழிச்ச மாதிரி. பிளாஸ்திரி நெத்தியில அப்படியேதான இருக்கு."

"அதுல விளம்பரக்காரன் எங்கேருந்து வந்தான்?"

"அந்த சைட்டு உங்க கம்ப்யூட்டர்ல தன்னோட பிளாஸ்திரி ஒண்ணு ஒட்டும், அதான் குக்கீ. அப்பத்தான் நீங்க மறுபடி போனா அடையாளம் தெரியும். அதே பக்கத்துல விளம்பரக் கம்பெனிக்காரனும் இருப்பான், அவனும் ஒண்ணு ஒட்டிடுவான். அப்புறம் நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் அவன் ஆளு அங்க இருப்பான்." டம்ளரை வைத்துவிட்டு, செட்டிங்கில் எங்கே போக வேண்டும், எதைத் தட்ட வேண்டும் என்று தன் போனில் காட்டினாள். "முதல்ல அழிச்சிடுங்க. அடுத்து, கீழயே இன்னொண்ணு இருக்கும், வெளியாளுங்க குக்கீயத் தடுக்குறதுக்கு. அதையும் போட்டுடுங்க. ஆனா எல்லாத்தையும் அழிச்சா, திறந்து வச்சிருக்கிற மெயிலெல்லாம் மூடிக்கும். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குல்ல?"

அழகிரியின் பாஸ்வேர்டு அழகிரிக்கு மட்டும்தான் தெரியும். கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த மெயிலில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட படங்கள் இருக்கின்றன, கொல்லிமலைக்குப் போனது, துறையூரில் தங்கச்சி வீட்டு விசேஷம். எவனோ ஒட்டியதைப் பிய்க்கப் போய் அவரையும் சேர்த்து வெளியே அனுப்ப முடியுமா?

"இந்த ஒரு வாரத்துல ஒட்டுனத மட்டும் பிய்க்க முடியுமா?"

"முடியும்க்கா. கடைசி ஏழு நாள்னு போடுங்க. பழசு அப்படியே இருக்கும்."

சாயங்காலம் வீடு திரும்பியபோது ரஞ்சித் இன்னும் வரவில்லை. தர்ஷினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கலைமதி செருப்பைக் கழற்றியதும் முகம்கூடக் கழுவாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். ஒளிந்துகொண்டு செய்ய வேண்டிய வேலையாக இன்றைக்கு அது தோன்றவில்லை. ஆன்சி சொன்ன மாதிரியே போய், ஏழு நாள் என்று போட்டு, அழித்தாள். அழகிரியின் மெயிலைத் திறந்து பார்த்தாள். இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. வெளியாட்களைத் தடுக்கிறதைத் தட்டுவதற்கு முன்னால் அந்த நரைத்த ஆள் ஒழிந்தானா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தாள்.

அவன் போய்விட்டிருந்தான். அவன் நின்ற அதே கட்டத்தில் இப்போது மூங்கில் நாற்காலியில் தனியாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளி. பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ். 'பெற்றோரைத் தனியே விட்டுச் செல்கிறீர்களா? கோவையில் முதியோருக்கான நிம்மதி இல்லம். நீங்கள் பார்த்த அறை இன்னும் காலியாக இருக்கிறது.'

கலைமதி இரண்டு தடவை படித்தாள். நீங்கள் பார்த்த அறை. அவள் எந்த அறையையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து தர்ஷினியைப் பார்த்தாள். தர்ஷினி மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

"அத்தை, அவரு சும்மா வெல விசாரிச்சாரு. அவ்வளவுதான்."

"எப்ப?"

"போன மாசம். பெங்களூருக்கு மாத்தினாலும் மாத்துவாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு வந்தப்ப."

ஏழு நாளைத் துடைத்ததில் போன மாசம் ஒட்டியது அப்படியே மிஞ்சியிருந்தது. அறை வரைக்கும் பார்த்தாயிற்று. ஜன்னல் எந்தப் பக்கம், சாப்பாட்டுக்கு எவ்வளவு, எல்லாம் கேட்டிருப்பார்கள். இன்னும் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவள், பஸ்ஸில் நின்றுகொண்டே காவிரிப் பாலத்தைத் தாண்டுகிறவள், அவள் மடியில் ஒரு கம்பளியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் பார்த்தவன்தான் நேற்று சாம்பாரைப் பிசைந்துகொண்டு அப்பாவின் பேரை இழுத்தான். அவள் பக்கத்தை மூடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. தர்ஷினி கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஏடு கட்டியது.

ரஞ்சித் வந்து ஹெல்மெட்டை வைத்தான்.

"இங்க வா. அப்பா திதி என்னைக்குன்னு நேத்து பாக்காமலே மூடிட்டியே. இப்ப பாரு."

அவன் வந்து குனிந்தான். அவன் கண் இடது பக்கம் போகவே இல்லை.

"சும்மாதான்மா பாத்தேன்."

"எதுக்கு?"

"நாங்க போயிட்டா நீ தனியா இருப்பியேன்னுதான்."

"நானும் அதுக்குத்தான்டா பாத்தேன்" என்றாள் கலைமதி. "தனியா இருப்பேனேன்னுதான். நான் பாத்ததுல என்கிட்ட ஒரு கேள்வியாவது கேட்டிருந்தான், இன்னுமா யோசிக்கிறீங்கன்னு. நீ என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் மவுஸைப் பிடித்தான். குக்கீயை அழித்ததால் அந்தப் பக்கமும் அவர்களைப் புதிதாகப் பார்த்து, அடியில் ஒரு பட்டையை நீட்டியிருந்தது. நீலத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, 'அனைத்தையும் ஏற்கிறேன்.' பழக்க தோஷத்தில் அவன் கை நேராக அங்கே போனது.

கலைமதி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"படி" என்றாள். "அந்தச் சின்ன எழுத்தையும் படி. அப்புறம் அமுக்கு."

அவள் பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியை இன்னொரு கையால் ஏற்றிவிட்டுக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் குனிந்து, மூலையில் இருந்த அந்தச் சாம்பல் நிற எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.