நாலெழுத்துத் தந்தி

ராக்காயிக்கு வந்த தந்தி நனைந்துதான் வந்தது. ராகலைத் தபால் கந்தோரிலிருந்து அதைக் கொண்டுவந்த ஆள் கார்த்திகை மழையில் ஐந்து மைல் நடந்திருந்தார். சட்டைக்குள்தான் வைத்திருந்தார். சட்டையே சொட்டிக்கொண்டிருந்தது.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் சுப்பிரமணியம் அதை மேசைமேல் விரித்து ஊதிக் காயவைத்தார். ராக்காயி கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்து வாசலில் நின்றாள். அவள் புருஷன் நல்லமுத்து தாயைப் பார்க்க இந்தியாவுக்கு, துறையூருக்குப் போய் ஐந்து மாதமாகியிருந்தது. மூன்று மாதத்துக்குள் திரும்பி வரத்தான் அவனுக்குப் பாஸ். அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

தந்தியில் இங்கிலீஷில் இரண்டே சொல். முதல் சொல் நல்லமுத்து என்ற பேர். அடுத்தது நான்கெழுத்துச் சொல். அதில் இரண்டாவது எழுத்து ஓ, கடைசி எழுத்து ஈ. மற்ற இரண்டும் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. கீழே நல்லமுத்துவின் தம்பி சின்னத்தம்பியின் பேர்.

சுப்பிரமணியம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். அந்த இரண்டு எழுத்தையும் அதே இடத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எத்தனையோ சொல் இருந்தது. மூக்கு வந்தது, ரோஜாப்பூ வந்தது, கயிறு வந்தது. ஒரு மனுஷன் பேருக்குப் பக்கத்தில் யாரும் எழுதாத சொற்களை அடித்துவிட்டார். நான்கு மிஞ்சின.

“என்னங்கய்யா போட்டிருக்கு?” என்றாள் ராக்காயி.

“எழுத்து அழிஞ்சிருச்சு. ரெண்டு எழுத்துதான் தெரியுது. அத வச்சுப் பாத்தா நாலு விதமா வருது.”

“நாலையும் சொல்லுங்க.”

“கம்னு இருந்தா வரச் சொல்றாங்க. ஹோம்னா வீட்டுல இருக்காரு. டன்னுன்னா ஏதோ காரியம் முடிஞ்சிருச்சு.”

“இது மூணுதானுங்களே.”

சுப்பிரமணியம் பேனாவை மூடினார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசையில் இருந்து எத்தனையோ தந்தி படித்துச் சொல்லியிருக்கிறார்.

“கோன்னுன்னா, போயிட்டாருன்னு அர்த்தம்.”

அவள் அழவில்லை. ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து மறுபடி கட்டினாள். டெலிபோன் கம்பிமேல் மரம் விழுந்து இரண்டு நாளாகியிருந்தது. தபால் கந்தோரில் தந்தியின் நகல் இருக்கும், காலையில் போய்க் கேள் என்று சுப்பிரமணியம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே லயத்து வரிசை வீடுகளில் சேதி பரவிவிட்டது. பக்கத்துக் காம்பராக் காளியாயி வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கினாள். ராக்காயி அவள் கையை விலக்கினாள்.

“நாலு எழுத்தும் தெரியட்டும் அக்கா. அப்புறமா அழுவோம்.”

“தாலியோட திரிஞ்சா நாலு பேரு பேசுவாங்கடி.”

“பேசட்டும்.”

மறுநாள் அவள் ராகலைக்கு நடந்தாள். தபால் கந்தோர் மாத்தயா சிங்களவர், பொறுமையானவர். நகலைத் தேடியெடுத்து, நாலு எழுத்தையும் துண்டில் எழுதிக் காட்டினார். ஜி, ஓ, என், ஈ. அவளுக்கு எழுத்துத் தெரியாது. சிங்களத்தில் கேட்டாள். “கிஹில்லா” என்றார். போயாச்சு.

நுவரெலியா பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் கடைக்காரர்கள் அவளிடம் சொல்லும் சொல் அது. செத்தவர்களுக்கும் அப்படிச் சொல்வார்களா என்று கேட்டாள். தந்தியில் உள்ளது மட்டும்தான் தனக்குத் தெரியும் என்றார் அவர்.

திரும்பி வந்து துண்டைக் கொடுத்தபோது சுப்பிரமணியம் தலையைக் குனிந்துகொண்டார்.

“நம்ம பேச்சுலயும் அப்படித்தான் ராக்காயி. போயிட்டாருன்னா ரெண்டு அர்த்தமும் வரும். எங்க போனாருன்னு கேட்டு நானே தந்தி அடிக்கிறேன்.”

பதில் தந்தி வரவில்லை. எட்டு நாள் அவள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், இரண்டு மகள்களுக்கும் ரொட்டி சுட்டாள். சில பெண்கள் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். சிலர் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எட்டு நாளும் உடம்பு தன்பாட்டில் வேலை செய்தது. படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் நல்லமுத்துவே யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் வந்தது. காய்ச்சல் தெளிந்ததும் சிலோனுக்கு ரயிலேறியிருக்கிறான். அவன் புறப்பட்டுப் போய்விட்டான் என்றுதான் தம்பி தந்தி அடித்திருக்கிறான். மண்டபம் முகாமில் பாஸைப் பார்த்தவர்கள், தவணை கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது திருச்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று முடித்திருந்தான்.

ராக்காயி ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள்.

“இருக்காரு” என்றாள்.

“இருக்காரு.”

கடிதத்தின் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். சுப்பிரமணியம் படித்தார்.

“இங்கத்த பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு அவரு பேர்லதானே இருக்கு?” என்று கடைசியில் கேட்டாள்.

“ஆமா. விசாரணைக்கு அவரு வரணும்.”

“நான் போய் நின்னு சொல்றேங்க. இங்கதான் பொறந்தேன், புள்ளைங்களும் இங்கதான் பொறந்துச்சுங்கன்னு. அது முடியிற மட்டும் வரலன்னு எழுதுங்க.”

எழுதினார். அடுத்த மாசியில் அவள் நுவரெலியாவுக்குப் போய் நின்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மனுக்காரர் நாட்டில் இல்லை என்று மனு தள்ளுபடியானது. அதன்பிறகும் ஒரு வருஷம் இருந்தாள். மூத்தவளைத் தோட்டத்திலேயே செடி கவ்வாத்து வெட்டுகிற ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். பிறகு சின்னவளைக் கூட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு ராகலைச் சந்திக்கு இறங்கினாள்.

சுப்பிரமணியம் பஸ் வரும்வரை கூட நின்றார். மலையெல்லாம் பனி இறங்கியிருந்தது.

“கம்பளி எடுத்துக்கலையா?”

“அங்க ரொம்ப வெயிலாமுங்க. மூத்தவளுக்கே குடுத்துட்டேன்” என்றாள் ராக்காயி. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டாள்.