செம்புருவனுக்கு ஒரு பச்சைக் கட்டம்

பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் அவள். எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று கட்டம் கட்டமாக நிறம் தீட்டுவாள். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் வெள்ளை. மற்ற பறவைகளுக்குக் கை வலிக்கப் பச்சை அடித்திருக்கிறாள். செம்புருவன் விஷயத்தில் மட்டும் வருஷா வருஷம் பச்சையை அழிப்பதே பிழைப்பாகப் போயிற்று.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் காட்டுக்குருவி அது. கண்ணுக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு. பொந்து விழுந்த கிழட்டு மரம், ஈரச் சருகு, முட்புதர், இவை மூன்றும் இருந்தால்தான் குடித்தனம் நடத்தும். புதரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எவனாவது கிளம்பினால், மூட்டை கட்டிவிடும். சுத்தம் செய்கிறவர்களுக்கா பஞ்சம்! 'அருகிவரும் இனம்' என்றிருந்தது இப்போது 'அழியும் தறுவாயில்' என்று ஆகிவிட்டது.

மிஞ்சியது ஒரே ஒரு பச்சைக் கட்டம், பால் கிடங்குக்குப் பின்னாலிருக்கும் காடு. இரண்டு வருஷமாக அங்கேயும் யாரும் அதன் குரலைக் கேட்கவில்லை. இந்த முறையும் கேட்காவிட்டால் கட்டம் வெள்ளையாகும், காவல் விலகும், லாரி நிறுத்துமிடம் வந்துவிடும். கணக்கெடுப்புக்கு இன்றுதான் கடைசி நாள். அந்த வெள்ளையை அடிக்கத் தனக்குக் கை வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய கொழுந்தனும் அதே அலுவலகம்தான். வாய் மட்டும் காது வரைக்கும்.

"அண்ணி, செம்புருவன் என் காதுலதான் முதல்ல விழும். விழுந்தா ஒரு மாசம் வீட்டுப் பாத்திரமெல்லாம் நீங்கதான் கழுவணும்."

"போடா, பாத்திரத்தை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு முதல்ல கத்துக்க."

அவனுக்கு ஒதுக்கியது ஆற்றங்கரைத் தோப்பு. காடு அவளுக்கு.

வேலை முறை எளிது. ஃபோனில் செம்புருவன் பாட்டை ஒரு தடவை ஒலிக்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரக் குருவி இருந்தால், 'எவன்டா அவன்?' என்று பதில் பாடும். அந்தப் பாட்டு, மேலாளர் வாலிபத்தில் பதிவு செய்தது. கடைசியில் அவருடைய இருமலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அலுவலகம் முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் மட்டும் தன் ஃபோனில் இருமலை வெட்டி எறிந்திருந்தாள்.

விடியற்காலையில் காட்டுக்குள் நின்று பாட்டை ஒலிக்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து பதில் வந்தது! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், இருக்கு சார்! பாடுது!"

"அடி சக்கை! பச்சையைத் தொட்டு வச்சுட்டேம்மா!" என்றார் அவர்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் யாருக்கு நினைவிருக்கும்? மறுபடி ஒலிக்கவிட்டாள், மறுபடி பதில் வந்தது. பாட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குரல் நெருங்கி வந்தது. முட்புதரை விலக்கும்போது பாட்டு முடிந்து, கூடவே இன்னொன்றும் கேட்டது.

"லொக்... லொக்."

குருவிக்கு ஏது இருமல்?

புதருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் ஃபோனும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

"நீயா?"

"நீங்களா? தோப்புல ஒண்ணுமில்ல அண்ணி. முந்திக்கலாம்னு சொல்லாம வந்துட்டேன். வந்தா பாட்டு கேட்டுச்சு, பதிலுக்கு நானும்..." அசடு வழிந்தான்.

ஒரு ஃபோனுக்கு இன்னொரு ஃபோன் பதில் பாடியிருக்கிறது! இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சும்மா விட்டுடலாமா அண்ணி? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடா. பொய்யா ஒரு பச்சையை நான் போடமாட்டேன்."

மேலாளரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னாள். "அப்போ பச்சையை அழிச்சிடவாம்மா?" என்றார் அவர்.

அப்போது தலைக்கு மேலே செம்புருவன் பாட்டு எழுந்தது.

"டேய், அணைடா அதை!"

அவன் வெறும் கைகளை விரித்துக் காட்டினான். அவன் ஃபோன் அணைந்து பையில் கிடந்தது.

தாழ்ந்த கிளையில் மார்பைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கண்ணுக்கு மேல் சிவப்புக் கோட்டோடு. தன் வீட்டு வாசலில் இரண்டு பேர் காலையிலிருந்து கூப்பாடு போட்டால் அதுவும் எத்தனை நேரம்தான் பொறுத்துக்கொள்ளும்?

"என்னம்மா, திரும்பவும் என் ரெக்கார்டையே போடுறீங்களா?" மேலாளரின் குரலில் சலிப்பு.

"என் ஃபோன்லதான் உங்ககூடப் பேசிட்டிருக்கேன், அவன் ஃபோன்லதான் இருமல் இருக்கு. கடைசி வரைக்கும் கேளுங்க சார்," என்று ஃபோனை உயர்த்திப் பிடித்தாள்.

குருவி பாடி முடித்தது. அதற்குப் பிறகு இலை அசையும் சத்தம் மட்டும்தான்.

"இருமல் எங்கம்மா?"

"இல்ல சார்!"

"இல்லையா?"

"இல்லவே இல்ல சார்!"

"போதும், ரெண்டு பேரும் அதைத் தொந்தரவு பண்ணாம வெளிய வாங்க. கட்டம் பச்சைதாம்மா! பச்சையேதான்..." என்று கத்தியவருக்கு, சந்தோஷத்தில் நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.