வருக வருக, டிசம்பர் 19

2025 ஜூலை 12, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கிள்ளான் நகரில், ஜாலான் தெங்கு கிளானா தெருவில் ஒரு பேனர் கடையின் முன்கம்பியில் பத்தடி நீளப் பேனர் ஒன்று கட்டப்பட்டது. அதன் வாசகம்: ‘அமெரிக்கா செல்லும் எங்கள் அன்புத் தங்கை, ஆசிரியை புனிதா விஜயன், அங்கேயே நிலைத்து நீடூழி வாழ வாழ்த்தும் அண்ணன் ஜெயராஜ்.’

கடை ஜெயராஜுடையது. வாசகமும் அவருடையதுதான். பேனரின் பின்புலத்தில் சுதந்திரதேவி சிலை நின்றது. ஏதோ குறைகிறது என்று நினைத்து அதன் பக்கத்தில் நம் நாட்டு இரட்டைக் கோபுரத்தையும் நிறுத்தியிருந்தார். வலது ஓரத்தில் அவரே கைகூப்பி நின்றார், தங்கையைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. புனிதாவின் படத்துக்கு விசா விண்ணப்பப் படத்தையே எடுத்துக்கொண்டார். அவருடைய கடையில்தான் அதைப் பிரிண்ட் போட்டிருந்தாள். கண்ணாடி கூடாது, சிரிக்கக் கூடாது, நேராகப் பார்க்கவேண்டும் என்ற விதிகளுக்கெல்லாம் அடங்கி, இரண்டு அங்குலத்தில் பாவமாக இருந்த முகம் மூன்றடியில் அஞ்சலிப் படம் மாதிரி ஆகிவிட்டது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் வேலையில் இருந்த அவள் கணவன் விஜயனைப் பதினொரு மணிக்கு ஒருவர் அழைத்து, உங்க சம்சாரத்தை எப்ப எடுக்கறாங்க என்று கேட்டார்.

பேனர் தெருவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜெயராஜ் அதை முகநூலில் போட்டு, தங்கையின் பெயரையும் இணைத்துவிட்டார்.

புனிதா கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் நான்கு மாதம் அமெரிக்காவில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் போகத் தேர்வாகியிருந்தாள். வரும் வியாழக்கிழமை தூதரகத்தில் நேர்காணல். விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும் என்று மின்னஞ்சல் வந்து, பேனர் ஏறுவதற்கு முந்தைய நாள்தான் திறந்து வைத்தாள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கௌசலா டீச்சர் போன வருடம் இதே திட்டத்தில் போய் வந்தவள். அவள்தான் முதலில் அழைத்தாள்.

“புனிதா, இன்டர்வியூல அவங்களுக்குத் தெரியவேண்டியது ஒண்ணுதான். நீ திரும்பி வருவியா மாட்டியா. அதுக்கு உங்கண்ணன் பத்தடி நீளத்துல பதில் எழுதிட்டாரு.”

புனிதா கைப்பேசியைத் திறந்தாள். இருநூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டிருந்தார்கள். ‘போனா வந்துடாதே லா’ என்று ஒருவர். ‘கிரீன் கார்டு கிடைச்சதும் எங்களையும் கூப்பிடு’ என்று இன்னொருவர். பள்ளிக்கூடத் தோட்டக்காரர்கூட ‘குட் பை டீச்சர்’ என்று அழுகிற முகம் போட்டிருந்தார். வீட்டுப் பத்திரம், தலைமையாசிரியர் கடிதம், திருமணச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று திரும்பி வருவதற்கான அத்தாட்சிகளை மூன்று வாரமாகச் சேர்த்துக் கோப்பு போட்டு வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் ஒரே காலையில் எதிர்க்கோப்பு ஒன்றைத் தயாரித்துவிட்டார்கள்.

கடைக்குப் போனபோது ஜெயராஜ் வெட்டுமேசையில் ஒரு காதுகுத்துப் பேனருக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? தெருவே பேசுது.”

“அண்ணே, அத எறக்குங்க.”

விவரத்தைக் கேட்டு முடித்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. “நல்லா இருன்னு சொன்னா ஒரு குத்தமா? இது என்னா ஊரு லா, வாழ்த்தக்கூட பெர்மிட் வாங்கணுமா?”

“நல்லா இருன்னு சொல்லல. அங்கயே இருன்னு சொல்லியிருக்கீங்க. நான் வரவேணாமாண்ணே?”

ஜெயராஜ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அப்பா அம்மா போனபிறகு அவருக்கு இருந்தது இவள் ஒருத்திதான். தீபாவளிக்கு முதல் பலகாரம் அவள் வீட்டில்தான்.

“யாரு அப்படிச் சொன்னா? பேனர்னா அப்படித்தான் எழுதறது. பெருசா எழுதணும். ‘போய்ட்டு நாலு மாசத்துல வா’ன்னு எழுதினா மீன் வாங்க பாசாருக்குப் போறவ மாதிரி இருக்கும்.”

“இந்தத் திட்டத்துல போனா, வந்து ரெண்டு வருசம் இங்கதான் இருக்கணும். சட்டமே அதான்.”

“அப்பறம் எதுக்கு அவங்க பயப்படறாங்க?”

அந்த வாசகத்தைப் படித்த முதல் நொடியில் தன் மனமும் கொஞ்சம் குளிர்ந்ததைப் புனிதா அவரிடம் சொல்லவில்லை.

பேனர் இறங்கியது, பதிவும் போயிற்று. ஆனால் முப்பது பேர் அதற்குள் பகிர்ந்திருந்தார்கள். ஜெயராஜ் ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்சினார். வேலாயுதம் சித்தப்பா மட்டும் ‘இனி நம்ம புனிதா அமெரிக்கக்காரி’ என்று எழுதியதை அழிக்கத் தெரியாமல், அதன் கீழேயே இன்னொன்று எழுதினார்: ‘மேலே சொன்னது தமாஷ். அமெரிக்க அரசாங்கம் மன்னிக்கவும்.’

“இனிமே அழிக்க முடியாது,” என்றார் ஜெயராஜ். “எங்க தொழில்ல தப்பு வந்தா அழிக்கிறது இல்ல. மேல ஒட்டறதுதான்.”

புதன்கிழமை மாலை அதே கம்பியில் வேறொரு பேனர் ஏறியது. முன்னதைவிட இரண்டடி நீளம். ‘பணி முடித்து டிசம்பர் 19 அன்று தாயகம் திரும்பும் எங்கள் தங்கை புனிதாவே, வருக வருக!’ வரவேற்பில் சிரிக்காமல் இருக்கக்கூடாது என்று கல்யாண ஆல்பத்திலிருந்து படம் எடுத்திருந்தார். இருபத்து நான்கு வயதுப் புனிதா மாலையோடு சிரித்தாள். அதுவும் முகநூலுக்குப் போனது. புனிதா பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை நேர்காணல் ஆறு நிமிடம் நடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி கோப்பைத் திறக்கவே இல்லை. என்ன பாடம், எத்தனை மாணவர்கள் என்று கேட்டார். பிறகு திரையில் மொழிபெயர்ப்போடு விரிந்த அவள் முகநூல் பக்கத்தைப் பார்த்தார். சற்று நெருங்கி இன்னொரு முறை பார்த்தார்.

“டிசம்பரில் உங்களுக்கு வரவேற்பு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறதே. நீங்கள் இன்னும் புறப்படவே இல்லை.”

மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த ஆங்கிலம் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

“என் அண்ணன் பேனர் கடை வைத்திருக்கிறார்,” என்றாள்.

அதிகாரி தட்டச்சு செய்தார். பாஸ்போர்ட்டை அவர் திருப்பித் தரவில்லை. தராவிட்டால் நல்ல சேதி என்று கௌசலா சொல்லியிருந்தாள்.

ஜூலை 24 அன்று விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. ஜெயராஜ் பேனரை இறக்கவில்லை. சனிக்கிழமை பாசாரில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நல்லம்மாள் அக்கா நிமிர்ந்து, “வந்துட்டீங்களா டீச்சர்? அமெரிக்கா எப்படி?” என்று கேட்டாள். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

“குளிருதான்கா,” என்றாள் புனிதா.

ஆகஸ்ட் 9 காலை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கார் ஜாலான் தெங்கு கிளானாவைக் கடந்தது. பேனரின் இடது மூலையில் கயிறு அவிழ்ந்து, ‘வருக’ ஒன்று மடிந்து தொங்கியது. ஜெயராஜ் காரை ஓரம் நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய், அதை இழுத்துக் கட்டிவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.