தேநீர்க் கடைத் திரையில் இன்னொருத்தி

ஜோங்வெய் சிரித்தான். எதிரே ஆள் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் சிரித்தான்.

பக்கத்தில் பார்சல் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி யீலான், டேப்பை ஒரே இழுப்பில் கிழித்தாள். ஹுவாச்சியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் சந்தையின் இரண்டாவது மாடி முழுக்க எந்நேரமும் டேப் சத்தம்தான். ஆனால் இந்த இழுப்பு வேறு ரகம் என்பது, எதிர்க் கவுண்டரில் கேபிள் விற்கும் சென் அக்காவுக்கே புரிந்துவிட்டது.

“என்னடி, பெட்டியக் கட்றியா, யார் வாயையாவது கட்றியா?”

“ரெண்டுக்கும் ஒரே டேப்புதான்க்கா.”

சென் அக்கா சின்னக் கோப்பையில் தேநீரை ஊற்றி நீட்டியபடி குரலைத் தாழ்த்தினாள். “உன் வீட்டுக்காரன் முகத்துல வெளிச்சத்தப் பாத்தியா? திரை வெளிச்சம் இல்ல அது.”

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றை போர்டு கம்ப்யூட்டர்கள்தான் அவர்கள் வியாபாரம். லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, தூரத்திலிருந்தே இயக்க ரிமோட் டெஸ்க்டாப்பையும் திறந்துவிட்டுத்தான் ஜோங்வெய் விற்பான். அப்புறம் எந்த ஊரில் எந்தக் கோளாறு வந்தாலும் இருந்த இடத்திலிருந்தே அந்தத் திரைக்குள் நுழைந்து சரிசெய்வான். வசதிக்காக எல்லா போர்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. சந்தையில் பலரும் அப்படித்தான்.

இப்போது அவன் நுழைந்திருந்தது ஊரின் மறுகோடியில், லோங்காங்கில் இருக்கும் ஒரு பால் தேநீர்க் கடையின் திரைக்குள். சுவரில் விலைப்பட்டியல் காட்டும் திரை. கடைக்காரி ஷியாவ் தோங், ஹூனான் மாகாணத்துக்காரி. விலைப்பட்டியலில் தினம் தினம் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது?

“என்னவாம் அவளுக்கு?” என்றாள் யீலான்.

“எழுத்து சின்னதா தெரியுதாம்.”

“நேத்து பெருசா தெரியுதுன்னாளே?”

“அதான் சின்னதாக்கினேன். ரொம்பச் சின்னதாயிடுச்சு.” எழுந்தான். “பார்சலக் குடு, கொரியர்ல போட்டுட்டு வரேன்.”

அவன் முதுகு மறைந்ததும் யீலான் அவன் நாற்காலிக்கு மாறினாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். லோங்காங் திரை விரிந்தது. விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வெள்ளைப் பக்கம். அதில் ஜோங்வெய் எழுதிவிட்டுப் போனது அப்படியே நின்றது.

“சபாஷ். உனக்கு ஒரு தடவ சொன்னாப் போதும்.”

அதன் கீழே, அவள் கண் முன்னாலேயே, புது எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. “மாஸ்டர், போயிட்டீங்களா? இன்னொரு மெமரி கார்டுல லினக்ஸ நானே ஏத்திட்டேன்!”

யீலானின் காது மடல் சுட்டது. கல்யாணமான புதிதில் அவளும் கேட்டிருந்தாள், எனக்கும் சொல்லிக் கொடேன் என்று. “உனக்கெதுக்கு இதெல்லாம்? நீதான் அழகா பெட்டி கட்றியே” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். இத்தனை வருடத்தில் ஒரு சபாஷ் கிடையாது.

மறுநாள் முதல் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் யீலான் ஒரு குட்டித் திரையை ஒளித்துவைத்தாள். ஜோங்வெய் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஷியாவ் தோங்குக்குப் பாடம் நடத்தினான். யீலான் இந்தப் பக்கம் மவுஸைத் தொடாமல், மூச்சு விடாமல் பார்த்தாள். தொட்டால் அம்புக்குறி அங்கேயும் நகரும். மாட்டிக்கொள்வாள். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு பழைய போர்டில் தானும் செய்தாள். முதல் தடவை போர்டு உயிரே பெறவில்லை. இரண்டாவது தடவை பாதியில் செத்தது. அதற்கு அடுத்ததில்தான் டெஸ்க்டாப் வந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஹூனான்காரிக்கு ஒரே தடவையில் வந்ததே என்பதுதான் நெஞ்சில் எரிந்தது.

திங்கட்கிழமை அந்த வெள்ளைப் பக்கத்தில் வந்த வரிகள் அவளைத் தூக்கிப் போட்டன.

“மாஸ்டர், மூணாவது மாடி கவுண்டர் நிஜமாவே எனக்கா? இந்தக் கடையத்தான் மூடப் போறேன். ஏமாத்திடாதீங்க.”

“உனக்கேதான். புதன்கிழமை அங்க வரேன். என் கண் முன்னால லினக்ஸ் ஏத்தி, ரிமோட்டத் திறந்து காட்டு. அன்னிக்கே உன் பேர்ல எழுதிடலாம்.”

“அக்கா ஒத்துக்குவாங்களா?”

“அவளுக்கு என்ன தெரியும்? கீழ பெட்டி கட்டிக்கிட்டு இருப்பா.”

மூன்றாவது மாடி கவுண்டர்! அவர்கள் புதிதாக எடுக்கவிருந்த இரண்டாவது கடை. அலைந்து திரிந்து அதைக் கண்டுபிடித்தது யார்? சந்தை நிர்வாகத்திடம் பேசி முடித்தது யார்?

அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

புதன்கிழமை ஜோங்வெய் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். “லோங்காங்ல ஒரு சர்வீஸ்.”

“சட்டைக்கும் சர்வீஸ் பண்ணிருக்க போல?”

“வாடிக்கையாளர் முன்னாடி பிச்சைக்காரன் மாதிரியா போறது?”

போய்விட்டான். யீலான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து லோங்காங் திரையைத் திறந்துவைத்தாள். மதியச் சாப்பாட்டு வேளை கழிந்ததும் இணைப்பு அறுந்தது. திரை கறுத்தது. ஷியாவ் தோங் கார்டை அழித்துப் புதிதாக ஏற்ற ஆரம்பித்துவிட்டாள்.

டெஸ்க்டாப் வரக்கூடாது. எங்காவது ஒரு இடத்தில் அவள் கை தவற வேண்டும்.

“என்னடி, சாமி கும்பிடற மாதிரி கையக் கோத்திருக்க?” என்றாள் சென் அக்கா.

“ஒருத்தி தோக்கணும்னு வேண்டிக்கிறேன்.”

திரை பளிச்சென்று வெளுத்தது. பாஸ்வேர்டு கேட்டது.

ஜெயித்துவிட்டாள்! யீலான் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பழைய பாஸ்வேர்டைத் தட்டினாள். திறந்தது. மாஸ்டர் தன் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருந்தார்.

அம்புக்குறி துள்ளியது. ஜோங்வெய் தன் போனிலிருந்து நுழைந்துவிட்டான். வெள்ளைப் பக்கம் திறந்தது. எழுத்துகள் விழுந்தன. “பிரமாதம்! நீதான் எனக்கு ஏத்த பார்ட்னர்.”

யீலானின் கை மவுஸ் மேல் விழுந்தது. அம்புக்குறி எகிறியது. எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தேநீருக்குக் காத்து நிற்கிற கூட்டம் மொத்தமும் சுவரில் படிக்கும்படி தட்டினாள்.

“மூணாவது மாடி கவுண்டர் யீலான் பேர்ல.”

அம்புக்குறி பக்கத்தை மூட ஓடியது. அவள் இழுத்தாள். மறுபடி ஓடியது. மறுபடி இழுத்தாள். கைபேசி அலறியது.

“யீலான்! நம்ம கடையில யாரோ என் கம்ப்யூட்டரத் தொட்டிருக்காங்க, பாரு!”

“பாத்தேன். நான்தான்.”

“நீயா? உனக்கு எப்படி இதெல்லாம்...”

“நீ தினமும் பாடம் எடுத்தியே. ரெண்டு பேருக்கு எடுத்திருக்க.”

“விளையாடாத. அந்தத் திரைய விட்டு வெளிய போ. ஜனங்க பாத்து சிரிக்கறாங்க!”

யீலான் திரையில் கட்டளை அடிக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்து இரண்டு கட்டளைகளை அடித்தாள். புது பாஸ்வேர்டு. ரிமோட்டை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். உள்ளே இருந்த எல்லோரும் தூக்கி எறியப்பட்டார்கள். புது பாஸ்வேர்டோடு திரும்பி வந்தது அவள் மட்டும்.

“ஏய்... பாஸ்வேர்ட மாத்திட்டியா?”

“இதுக்கு மட்டும்தான். நம்ம வித்த மத்த போர்டுக்கெல்லாம் பழசேதான் இருக்கு, இப்போதைக்கு. நான் உன் நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். சொல்லு, கவுண்டர் யார் பேர்ல?”



“உன் பேர்லதான்” என்றான் ஜோங்வெய்.

போன் கை மாறியது. “அக்கா, நான் ஷியாவ் தோங். தப்பா எதுவும் இல்லக்கா. வேலை கத்துத் தரேன்னாரு, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா இல்லையான்னு அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டுக்கறேன்.”

“கடையக் காலி பண்றேன்னு சொந்தக்காரர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. இப்ப நான் என்ன பண்றது?” ஒரு நொடி தயங்கினாள். “அப்புறம்... எங்க ரெண்டு பேரையும் வெளிய தள்ளினீங்களே, அத எனக்கும் சொல்லித் தருவீங்களா?”

யீலானுக்கு உடம்பெல்லாம் மறுபடி எரிந்தது. இவளுக்கு ஒரே தடவை சொன்னால் போதும். இப்படி ஒருத்தி போட்டிக்கு வேறொரு கவுண்டரில் போய் உட்கார்ந்தால், அப்புறம் வியாபாரமும் போகும், வேறு சிலதும் போகும்.

“காலி பண்ணிட்டு வா. மேல மூணாவது மாடியில, என் பக்கத்துல வேலை.”

“நிஜமாவா அக்கா? அப்ப மாஸ்டர்?”

“அவர் கீழ இருப்பார். படி ஏறி வர்ற மாதிரி அவருக்கு எந்த வேலையும் இருக்காது.”