தொண்டை கட்டியவனின் மொழிபெயர்ப்பாளர்

கன்சாஸின் மேற்குக் கோடியில், எங்கள் நிலத்தடி நீர் வாரியத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போவது சாப்பாட்டுக்காக. என் மனைவி மார்னி இறந்த பிறகு வீட்டில் சமையல் இல்லை.

இந்த முறை அவள் தங்கை டெலாவும் வந்தாள். வயது பதினேழு. எல்லாக் கிணறுகளிலும் தண்ணீர் இறைப்பதைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்ல வேண்டும் அவளுக்கு.

"நிலம் இருக்கிறவங்கதான் பேசலாம், கண்ணு. உனக்கு நிலம் இருக்கா?" என்றார் தலைவர் வெர்ல்.

"முகத்துல பரு இருக்கு. அது கணக்குல சேருமா?"

மண்டபம் சிரித்தது. "உக்காரு," என்றார்.

டெலா கூட்ட விதிகள் அச்சிட்ட தாளைப் புரட்டினாள். வாக்காளரால் பேச முடியாவிட்டால் அவர் சொல்வதை இன்னொருவர் எடுத்துச் சொல்லலாமாம். மார்னியின் நிலம் இப்போது என் பேரில். வாக்கும் எனக்குத்தான்.

"டிரென்ட், உனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"இல்லையே."

"கட்டியிருக்கு. எந்திரி."

எழுந்தேன். எனக்குக் குரல் போய்விட்டது என்று அறிவித்தாள். யாரும் சந்தேகப்படவில்லை. மார்னியின் அடக்கத்துக்குப் பிறகு நான் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"ஏதாவது முணுமுணு," என்றாள்.

"கறி செருப்பு மாதிரி இருக்கு," என்றேன் அவள் காதில்.

"டிரென்ட் சொல்றாரு: எங்க கிணத்துல பாதி காத்துதான் வருது. வெயில் ஏறிட்டே போகுது. இப்பவே குறைச்சாத்தான் எனக்கு நாப்பது வயசாகும்போது குடிக்கவாவது மிஞ்சும்."

"அவனுக்கு இப்பவே முப்பத்தி நாலு," என்றார் வெர்ல்.

"அப்ப எவ்வளவு அவசரம்னு பாருங்க."

"ஆப்பிள் பை தீரப்போகுது," என்றேன், இனிப்பு மேசையைப் பார்த்தபடி.

"பேரப்பிள்ளைங்க தண்ணிய எடுத்துச் சோளத்துக்கு ஊத்துறோம், இதுக்குப் பேரு திருட்டுங்கறாரு."

"அவன் மூணு வார்த்தைதான் சொன்னான்! நீ பிரசங்கமே பண்றே."

"ஆளு சுருக்கம். உள்ள நெறைய இருக்கு."

இம்முறை அவள் கேட்காமலே குனிந்தேன். "மார்னி இருந்தா இதைவிட மோசமாத் திட்டியிருப்பா."

டெலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றார் வெர்ல்.

"இது மொழிபெயர்க்க வராது."

வெர்ல் புன்னகைத்தார். "சரி. தீர்மானமா முன்மொழியணும்னா வாக்காளர் தன் வாயாலயே சொல்லணும். அதுவும் விதிதான். பாவம், குரல்தான் போயிடுச்சே."

டெலா என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முன்மொழியறேன்," என்றேன். பின்சுவர் வரை கேட்டது.

"ஆமென்! ஊமை பேசிட்டான்!" என்றது ஒரு குரல்.

"வழிமொழியறேன். சீக்கிரம் முடிங்கப்பா, பை ஆறுது," என்றது இன்னொன்று.

வாக்கெடுப்பில் மோசமாகத் தோற்றோம். வெர்ல் கடைசிவரை என்னை முறைத்துக்கொண்டிருந்தார். ஆப்பிள் பையும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் டெலா கேட்டாள்: "அடுத்த வருஷம் உனக்கு என்ன வியாதி?"

"ஒண்ணும் வேணாம். உனக்குப் பதினெட்டு ஆனதும் கொஞ்சம் நிலத்த உன் பேருக்கு எழுதிடறேன். நீயே திட்டு."



"கிணறு இருக்கிற பக்கமா?"

"அதுல பாதி காத்துதான் வருதுன்னு நான்தானே சொன்னேன்."