இரண்டாவதும் நான்காவதும்

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம், மேசைக்கு அடியில் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருப்பது டெஸ்க்டாப், அதுவரை தெரியும், ஆனால் த்ரீயா ஃபோரா என்று கடைக்காரர் அடுத்ததாகக் கேட்டபோது எந்த மூன்று, எந்த நான்கு என்று அவளுக்குப் புரியவில்லை, பதினாறு ஜிபி ராம் வேண்டும் என்று திரும்பவும் அதையே சொன்னாள், தெரிந்தது அந்த ஒரு வரிதான். "பதினாறு சரிக்கா. ஆனா டிடிஆர் த்ரீ போர்டுல ஃபோர் ஏறாது, ஃபோர் போர்டுல த்ரீ ஏறாது. உங்களுது எது? எப்ப வாங்கினது?" ஏழு வருடம் ஆகிறது, வாங்கியது இல்லை, உதிரியாக வாங்கி வீட்டில் வைத்துச் சேர்த்தது. அப்படியென்றால் சேர்த்துக் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டால் முடிந்ததே என்றார் அவர், கேட்டதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், அவள், அவர் இப்போது ஊரில் இல்லை என்றாள். பொய். சின்னவன் இதே ஊரில்தான் இருக்கிறான், இரண்டு பஸ் மாறினால் அவன் வீடு... அவர் என்று வேறு சொல்லிவிட்டாள், கூடப் பிறந்த தம்பியை அவர் என்று சொல்வது இதுதான் முதல் தடவை, சொன்னதும் ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது, யாரோ ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டான். "அப்ப உள்ள இருக்கிறதையே கழட்டிக் கையோட எடுத்துட்டு வந்துடுங்க, பார்த்தா தெரிஞ்சுடும். ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடுவேன்." மணி அப்போது இரண்டரை.

திரும்பி நடக்கும்போது வேகமாகத்தான் நடந்தாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார், இன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டில் இருந்தபடியே அவருக்குக் கட்டிட வரைபடங்கள் வரைந்து கொடுக்கிறாள், இந்தத் தடவை மூன்று மாடிப் பள்ளிக்கூடம், சுவர், குழாய், மின்கம்பி, பெஞ்சு, கரும்பலகை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடைத்து அனுப்பியிருக்கிறார், திறந்தால் வட்டம் சுற்றுகிறது, டீ போட்டுக் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு கோட்டை நகர்த்தினால் மறுபடியும் சுற்றல். முடியலேன்னா சொல்லிடுங்கம்மா, வேற யார்கிட்டயாவது குடுத்துக்கிறேன் என்று அவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார், மரியாதையாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே வேறு. புதுசா ஒண்ணு வாங்கிடேன் என்று வீட்டுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார். எதற்குப் புதிது? இது நன்றாகத்தான் ஓடுகிறது, ராம் மட்டும் போதவில்லை, அதை வாங்கிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்... நான் ஏன் வக்கீல் மாதிரி இந்தப் பெட்டிக்காக வாதாடுகிறேன் என்று அப்போதே தோன்றியது, தோன்றியதை அதோடு விட்டுவிட்டாள்.

பெட்டியின் பக்கத் தகடு இரண்டு திருகுகளில் நின்றது, கையாலேயே கழன்று வந்தது. உள்ளே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. முதல்ல இரும்பைத் தொட்டுக்கோ, கையில கரண்டு தங்கியிருக்கும் என்று சின்னவன் அன்றைக்குச் சொன்னான், தொட்டுக்கொண்டாள். அன்றைக்கு இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தான், எதிரே உட்கார்ந்து அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், ஒரு காம்பு பறந்து போர்டின் மேல் விழுந்தது, அவன் பதறிவிட்டான். அம்மாவுக்கு ஒன்றும் பதற்றமில்லை, ராம் மாட்டும் இடத்தைக் காட்டி, ஏண்டா, நாலு பள்ளம் இருக்கு, ஒண்ணுலதான் வச்சிருக்கே, மீதி மூணை எதுக்குக் காலியா விட்டே, வாடகைக்கு விடப்போறியா? பின்னால தேவைப்படும்மா, அக்காவோட டிராயிங் எல்லாம் பெருசாகிட்டே போகும். அப்பவும் நீதான் வந்து மாட்டணும், இவ கையில ஸ்குரூ டிரைவரைக் குடுத்தா வீடே இருக்காது... மூன்று பேரும் சிரித்தார்கள், அவளும்தான். அம்மாவின் பேச்சு அப்படித்தான் இருக்கும், குத்துவது போல இருக்கும், குத்தாது. கடைசியில் ஆஸ்பத்திரியில் அந்த மூச்சுக் குழாயை வாயில் வைத்த பிறகு பேச்சு இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில், வீட்டாரிடம் இந்த மாதிரிச் செய்தி சொல்வதற்கென்று ஒரு சின்ன அறை வைத்திருந்தார்கள், இரண்டு சோபா, நடுவில் டிஷ்யூ பெட்டி, சுவரில் ஒரு கடல் படம், பத்துக்கு எட்டுதான் இருக்கும், கதவு உட்பக்கம் திறப்பதால் ஒரு சோபாவில் இடித்தது, கதவை வெளிப்பக்கம் போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் நினைத்தாள், அதை நினைத்ததுகூட நினைவிருக்கிறது. மிஷினை நிறுத்தினா சில மணி நேரம், தொடர்ந்தா சில நாள், மூளையில இனிமே ஒண்ணும் மாறப்போறதில்லை, குடும்பமா பேசி முடிவு பண்ணுங்க. டாக்டர் வெளியே போனதும் சின்னவன், விட்டுடலாம்க்கா, அம்மாவுக்கு இது பிடிக்காது என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். முடிவு பண்ண நீ யாரு, ஆறு வருஷமா பார்த்துக்கிட்டது நான் என்றாள் அவள். அவன் எழுந்தான், கதவு சோபாவில் இடித்தது. அவள் கையெழுத்துப் போட்டாள், தொடரட்டும் என்று. பதினோரு நாள். பதினோரு நாளும் அவன் எட்டிப் பார்க்கவில்லை, பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா போனதும் வந்து எல்லாவற்றையும் செய்தான், ஆள் அனுப்பினான், வண்டி சொன்னான், ஓடி ஓடிச் செய்தான், அவளோடு பேசவில்லை, அவளும் பேசவில்லை, மூன்று வருடம் ஆகிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டேன், வரலை... இரண்டே வார்த்தை. சித்தியிடம், வீட்டுக்காரரிடம், அடுத்த வீட்டு அம்மாளிடம். இப்போது இரண்டு பக்கக் கொக்கியையும் அழுத்தியதும் ராம் தானாகவே மேலே எழும்பியது, இரண்டு விரல் அகலப் பச்சைத் தகடு, வெள்ளைச் சீட்டில் பொடி எழுத்து, அதை ஒரு கடித உறைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பூட்டையும் திருப்பிய பிறகுதான், நான்கு பள்ளங்களில் எதிலிருந்து எடுத்தோம் என்று பார்க்கவில்லையே என்று தோன்றியது. நாள் முழுக்க அளவெடுக்கிற வேலை செய்கிறவள், இதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஃபோர், எட்டு ஜிபி, இரண்டாயிரத்து நானூறு ஸ்பீடு என்று படித்தார், பழையதும் புதியதுமாக மூன்று நான்கு தகடுகளை எடுத்துக் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தார். கீழ் விளிம்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வெட்டு, த்ரீக்கு ஓர் இடத்தில், ஃபோருக்கு இன்னோர் இடத்தில், வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான், அவள் கண்ணுக்கு அது உடனே பட்டது. "தப்பானதை யாரும் மாட்டிடக் கூடாதுன்னுதான்க்கா இடத்தை மாத்தி வெட்டியிருக்காங்க. இதையும் மீறி சில பேர் அமுக்கு அமுக்குன்னு அமுக்கி உடைச்சுக்கிட்டு வருவாங்க." அந்த ஸ்பீடில் அவரிடம் தீர்ந்துவிட்டது, மூவாயிரத்து இருநூறுதான் இருந்தது, பரவாயில்லை, வேகமானது பழசுக்குத் தக்க தன்னைக் குறைச்சுக்கும், நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப்போயிடும், ஒத்துப்போகலேன்னா திங்கட்கிழமை கொண்டாங்க, மாத்தித் தரேன் என்றார். திங்கட்கிழமை எனக்கு உதவாதே. தொண்ணூறு என்றால் மீதிப் பத்து எந்த மாதிரி ஆட்களுக்கு வரும் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. பில்லின் மேல் பேனாவால் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார், மாட்டும்போது சந்தேகம் வந்தா கூப்பிடுங்கக்கா, தயங்காதீங்க. கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான், காய்கறி விற்பவருக்கு, கேஸ் கொண்டு வருபவருக்கு, இவருக்கு.

வீட்டுக்கு வந்து, பழைய எட்டு, புதிய பதினாறு, இரண்டையும் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது, பிறகு பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் மூன்று. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று அணைத்தாள். கழற்றினாள், ஊதினாள், அதே இடங்களில் திரும்ப மாட்டினாள், அதே மூன்று. ஐந்து மணி பத்து நிமிடம், கடை திறந்திருக்கும், பில் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. போனை எடுத்தாள், சின்னவன் என்ற பெயர் பட்டியலில் கீழே எங்கேயோ இருந்தது, இருக்கிறது என்று தெரியும், அழிக்கவில்லை, அழிக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை, நினைக்காமல் இருந்ததும் இல்லை. மணி அடிக்கும்போதே தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளங்களின் ஓரத்தில் வெள்ளையாக எழுத்துகள், ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று, பி இரண்டு, ஏ இரண்டுக்கும் பி இரண்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரம், முதலில் இதில் மாட்டு என்பதுபோல. அவள் ஒன்றிலும் மூன்றிலும் மாட்டியிருந்தாள். சரி, இதுதான், போனை வைத்துவிடலாம்...

"சொல்லுக்கா."

என்ன சொல்வது? ராம் மாட்டினேன், பீப் பீப்புங்குது என்றாள், குரல் நன்றாகத்தான் வந்தது, நேற்றுப் பேசியதன் தொடர்ச்சி மாதிரி. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம், பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"எத்தனை தடவை?"

"மூணு."

"எந்த ஸ்லாட்ல போட்டிருக்கே?"

"ரெண்டுலயும்தான்."

"எந்த ரெண்டு? போர்டுலயே ஓரமா எழுதியிருக்கும் பாரு."

"தெரியலடா, கண்ணாடி போடலை" என்றாள். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாள்? யோசித்துச் சொன்னதில்லை, வந்துவிட்டது. அவன், "சரி, கரண்டை எடுத்துட்டியா? ஃபேன் இருக்கிற பக்கத்துலேர்ந்து எண்ணிக்கோ. ரெண்டாவது ஒண்ணு, நாலாவது ஒண்ணு. ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரணும். மெதுவா செய், நான் லைன்லயே இருக்கேன்."

போனைத் தரையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அவள் மெதுவாகத்தான் செய்தாள், தேவைக்கு அதிகமாகவே மெதுவாக. ஒன்றிலிருந்து இரண்டுக்கு, மூன்றிலிருந்து நான்குக்கு, ஒரு நிமிட வேலை. தரையிலிருந்து அவன் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, இருமினான், மழையா உங்க பக்கம் என்று கேட்டான், இல்லை என்றாள், இங்கேயும் இல்லை என்றான். டக். இன்னொரு டக். கேட்டுச்சா என்றாள், கேட்டுச்சு என்றான். பொத்தானை அழுத்தினாள், ஒரே ஒரு பீப், திரை வெளுத்தது.

"எவ்வளவு காட்டுது?"

"இருபத்துநாலு."

"அப்ப ரெண்டும் ஒத்துக்கிச்சு. வேலை பண்ற ஃபைலைத் திறந்து பாரு."

பள்ளிக்கூடம் திறந்தது, தரைத்தளம், அதன் மேல் மாடி, பெஞ்சுகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன, வட்டம் இரண்டு சுற்றுக்கூடச் சுற்றவில்லை, ஒரு சுவரைப் பிடித்து இழுத்தாள், வந்தது. ஓடுதா என்றான், ஓடுது என்றாள். வேறென்ன சொல்ல வேண்டும்? நன்றி என்று தம்பியிடம் சொல்வார்களா? நல்லா இருக்கியா என்று கேட்கலாம், மூன்று வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்டால் அதற்கு அவன் என்ன பதில் சொல்வான்... "அப்ப வச்சிடட்டுமாக்கா?" "ம்." வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை, பிறகு அவன், "ஏதாவதுன்னா கூப்பிடு. கூப்பிட்டா வந்துடுவேன்" என்றான், சாதாரணமாகத்தான் சொன்னான், எல்லோரும் போனை வைக்கும்போது சொல்கிற மாதிரி, வைத்துவிட்டான்.

மவுஸில் கை இருந்தது, இரண்டாவது மாடி நூலகத்தின் ஜன்னல்களை நகர்த்த வேண்டும், வேலை நிறையக் கிடக்கிறது. கூப்பிட்டா வந்துடுவானாம். நான்தான் கூப்பிட்டேனே... எங்கே நின்று கூப்பிட்டேன்? ஆஸ்பத்திரி மாடிப்படிக்குப் பக்கத்தில் நீல நாற்காலிகள் இருந்தன, அங்கே நின்று இன்ஜினியரைக் கூப்பிட்டு இரண்டு நாள் தவணை கேட்டது நினைவிருக்கிறது, மருந்துக்கடை வாசலில் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போர்வை கொண்டுவரச் சொன்னது நினைவிருக்கிறது, சிவப்புப் போர்வை கேட்டாள், அவர் பச்சையைக் கொண்டுவந்தார். சின்னவனைக் கூப்பிட்டது? ஐந்தாம் நாளாக இருக்கும். வாடா என்று சொன்னேனா, வந்து பாரு என்று சொன்னேனா, அதற்கு அவன் என்ன சொன்னான், ஏதாவது சொல்லியிருப்பானே... ஐந்தாம் நாள் இல்லை, அன்றைக்கு ஸ்கேன், போனை அணைத்து வைத்திருந்தாள். ஏழாம் நாளா? கூப்பிட்டேன், வரலை என்று முதன்முதலில் யாரிடம் சொன்னாள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, சித்தியிடம், லிஃப்ட் வாசலில், சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இப்படியும் ஒரு பிள்ளையா என்றாள், அவள் தலையாட்டினாள். ஜன்னல் நகர்ந்து சுவரைத் தாண்டி வெளியே போய் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை, முதல் நாள் காலை, முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் காலை என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.